பச்சை உடம்புக்காரிக்குப் பால்சுறாப் புட்டு

என் கணவர் அலுவலகத்துக்குச் சேர்ந்தாற்போல் ஒரு நாளுக்கு மேல் லீவு போட்டு நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். எங்கள் வீட்டு நாய்க்குட்டிக்குக் கருத்தடை ஆபரேஷன் நடந்தபோது ஐந்து நாள் போட்டார். லீவு லெட்டரில் காரணம் என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். "குடும்பத்துல ஆபரேஷன்னு எழுதுனேன். பொய்யா என்ன?" என்று திருப்பிக் கேட்டார். பொய்யில்லைதான். அதே வாசகத்தை எழுத அவருக்கு இதற்கு முன்னால் இன்னொரு வாய்ப்பும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அவர் ராமநாதபுரத்தில் ஒரு அரசு அலுவலகத்தில் கிளார்க். நான் உச்சிப்புளிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரே மகள், மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். அவள் போன பிறகு வீடு வெறிச்சென்று இருப்பதாக இவர் அடிக்கடி சொல்வார். அந்த வீட்டுக்குள்தான் நானும் இருந்தேன் என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. போன ஐப்பசி மழையில் ஒரு நாள், ரயில்வே கேட் பக்கத்து டீக்கடை வாசலில் நனைந்துகொண்டிருந்த ஒரு குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். செவலை நிறம். ஒரு காது நிற்கும், இன்னொன்று மடங்கிக் கிடக்கும். அதற்குப் பாப்பா என்று பெயர் வைத்தார். பெற்ற மகளை அவர் ஒரு நாளும் பாப்பா என்று கூப்பிட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி முழுப் பெயரையும் சொல்லித்தான் கூப்பிடுவார்.

கருத்தடை செய்துவிட வேண்டும் என்றது நான். "பாவம்ப்பா, ஒரு ஈத்தாவது போடட்டும்" என்றார் அவர். ஈத்துப் போட்டால் குட்டிகளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று கேட்டேன். உச்சிப்புளியில் எங்கள் வீடு ராமேஸ்வரம் ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம். முந்தின வருடம் எங்கள் தெரு நாய் ஒன்று ஏழு குட்டி போட்டது. ஏழும் அந்த ரோட்டில்தான் போயின. பாவத்தைக் கடலில் கரைக்கப் பறக்கிற வேன்களுக்கு நாய்க்குட்டி கண்ணில் படாது. போகிற வழியில் சேர்த்த பாவத்தையும் சேர்த்தே கரைத்துவிட்டு வருவார்கள் போலிருக்கிறது.

விஷயம் தெரிந்ததும் தெருவே கருணைக் கடலாகிவிட்டது. "ஏன் டீச்சர், வாயில்லா சீவன். அது வயித்துல போயி கத்திய வைக்கலாமா?" என்றார் எதிர்வீட்டு அம்மா. அந்த அம்மாவே இரண்டாவது பிரசவத்தோடு பெரிய ஆஸ்பத்திரியில் குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவர். அடுத்த மாதமே வயலில் நாற்று நட்டவர். வாயுள்ள சீவன் வயிற்றில் கத்தி வைத்ததற்கு இந்தத் தெருவில் யாரும் உச்சுக்கொட்டியதாக எனக்கு நினைவில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் ராமநாதபுரத்தில் இருக்கிற கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனோம். சின்ன வயதுப் பெண். பேச்சு வெடுக்கென்று இருந்தாலும் கை சுத்தம். இரண்டு மணி நேரத்தில் குட்டியை மயக்கம் தெளியாமலே ஒரு துண்டில் சுற்றி வெளியே கொண்டுவந்து கொடுத்தார். வயிற்றை மழித்து, நடுவில் விரல் நீளத்துக்குத் தையல். பத்து நாள் அந்தத் தையலை அது நக்கக் கூடாது, துள்ளக் கூடாது, ஈரம் படக் கூடாது. "குட்டிக்கு ஏற்கெனவே ரத்தம் கம்மி. தையல் விட்டுச்சுன்னா இன்னொரு தடவை மயக்க மருந்து கொடுக்க எனக்குப் பயமா இருக்கு. பார்த்துக்கோங்க" என்றார். வெறும் சோறு, வேகவைத்த முட்டை, உப்புப் போடாத கோழிக்கறி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். என் கணவர் அந்தத் தாளை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்து, மேலே ஒரு தட்டு தட்டிக்கொண்டார்.

திரும்பி வர ஆட்டோ பிடித்தார். குட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கையாலும் அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி வரைக்கும் அந்த ஆட்டோக்காரர் பட்ட பாட்டை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். "அண்ணே, மெல்ல. அங்கன ஒரு பள்ளம் இருக்கு." "ஸ்பீடு பிரேக்கர் வருதுண்ணே." "லாரிய விட்ருங்க, அவன் போகட்டும்." ஆட்டோக்காரர் கடைசியில் பொறுக்க மாட்டாமல், "சார், நாய்தானே சார்?" என்றார். இவர் முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. வீடு வருகிற வரை அந்த மனிதரோடு பேசவில்லை. எனக்கு வேறு ஒரு பயணம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

நான்கு வருடத்துக்கு முன்னால் அதே ராமநாதபுரத்தில்தான் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். கட்டி இருந்தது, உதிரப்போக்கு நிற்கவில்லை, வேறு வழியில்லை. மகள் அப்போது பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள் என்பதால் அவளிடம் சாதாரண வயிற்றுவலி என்று சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரியில் கூட இருந்தது என் தங்கை. அவளும் ஐந்தாம் நாள் பரமக்குடிக்குத் திரும்பிவிட்டாள். டிஸ்சார்ஜ் அன்று இவர் வந்தார், கையெழுத்துப் போட்டார், என்னைப் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போனார், ராமேஸ்வரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ஜன்னல் வழியாக ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, "சீட்டு கெடச்சிருச்சுல்ல? ஆபீசுல ஆடிட் நடக்குது. சாயந்தரம் வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வழியில் எத்தனை ஸ்பீடு பிரேக்கர் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்து உடம்பைத் தூக்கிக்கொண்டேன். யாரும் மெல்லப் போகச் சொல்லவில்லை.

இதையெல்லாம் நான் அவரிடம் சொன்னதில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? தெரியாதவருக்குச் சொல்லலாம். இவர்தானே ஏற்றிவிட்டவர்.

வீட்டுக்கு வந்ததும் குட்டியின் ராஜபோகம் ஆரம்பமானது. டாக்டர் கழுத்தில் மாட்டக் கொடுத்திருந்த பிளாஸ்டிக் கூம்பை இவர் அரை மணி நேரத்தில் கழற்றிவிட்டார். அதைப் போட்டுக்கொண்டு குட்டி சுவரில் முட்டியதாம், பார்க்க மனசு கேட்கவில்லையாம். அதற்குப் பதிலாகத் தன் பனியன் ஒன்றை எடுத்து, நான்கு காலுக்கும் ஓட்டை போட்டு, வயிறு மூடும்படி மாட்டி, முதுகில் நாடாவால் முடிச்சுப் போட்டார். யோசனை நல்ல யோசனைதான், அதை நான் மறுக்கவில்லை. அந்த முழு வாரமும் என் கணவரின் கைவைத்த பனியனைப் போட்ட ஒரு நாய் நடுவீட்டில் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. இரண்டு பேருக்கும் முகச்சாடைகூட ஒத்துப்போவதாக எனக்குத் தோன்ற ஆரம்பித்துவிட்டது.

அவர் தரையில் பாய் விரித்து அதன் பக்கத்திலேயே படுத்தார். அது அசைந்தால் எழுந்தார். காலையில் பனியனைத் தூக்கித் தையலைப் பார்த்து, சிவந்திருக்கிறதா, நீர் கசிகிறதா என்று என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் கரண்டி எங்கே தொங்குகிறது என்று அந்த வாரம்தான் கண்டுபிடித்தார். முட்டை வேகவைக்கக் கற்றுக்கொண்டார். சோற்றைக் குழையப் பிசைந்து, விரலால் தொட்டுச் சூடு பார்த்து ஊட்டினார். "ஏத்தா, ஒரு வாய் வாங்கிக்கத்தா. என் தங்கமுல்ல" என்று கெஞ்சினார். எனக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் நானே எழுந்து ரசம் வைத்தேன். அதைச் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று சொன்ன அதே வாய்தான் இது.

குட்டி சரியாகச் சாப்பிடவில்லை. ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் நாலு வாய்க்கு மேல் போகவில்லை. அது இயல்புதான், மெல்லச் சாப்பிடும் என்று டாக்டரே போனில் சொன்னார். இவருக்குப் பொறுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை மாலை நான் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குள் நுழைந்தபோது தெருமுனை வரைக்கும் தாளிப்பு வாசனை. அடுப்படியில் இவர் கைலியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நிற்கிறார். மத்தியானமே வண்டியை எடுத்துக்கொண்டு புதுமடம் கரைக்குப் போய்ப் பால்சுறா வாங்கி வந்திருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாப் புட்டு செய்து போடுவார்கள். சின்னச் சுறாவை மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலுரித்து, பூப்போல உதிர்த்து, சின்ன வெங்காயமும் இஞ்சியும் தாராளமாகப் போட்டு வதக்கி எடுப்பது. பூண்டு எவ்வளவு போடுகிறோமோ அவ்வளவு நல்லது என்பார்கள். பால் ஊறும், புண் ஆறும், பச்சை உடம்பு இறுகும். பணக்காரர், ஏழை, இந்து, துலுக்கர் என்று இதில் வித்தியாசம் கிடையாது. இவருக்கு மூன்று தங்கைகள். மூன்று பேருடைய பிரசவத்துக்கும் கரையில் போய்ச் சுறா வாங்கி வந்தது இவர்தான். அதனால் பக்குவம் அத்தனையும் பார்த்துப் பார்த்தே மனப்பாடம்.

"அதுவும் வயித்துல கத்தி வச்ச பச்ச உடம்புக்காரிதானே?" என்றார். "சுறாவுல முள்ளே கெடையாது. தொண்டையில சிக்காது. எல்லாம் யோசிச்சுத்தான் வாங்குனேன்."

பெற்றவளுக்குத்தான் புட்டு. பை எடுத்தவளுக்கு எந்தப் பக்குவமும் இந்த ஊரில் கிடையாது. அவள் எதையும் பெறவில்லை, யாருக்கும் பால் கொடுக்கப் போவதில்லை, அவள் உடம்பு இறுகினால் என்ன, இறுகாவிட்டால் என்ன. பிள்ளை பெற்றால் நாற்பது நாள் பாயை விட்டு எழுந்திருக்காதே என்பார்கள். பிள்ளை பெற்ற பையையே அறுத்து எடுத்தால் நாலு நாளில் நடமாட வேண்டியதுதான் என்பார்கள். இதுவரை அந்தக் கணக்கு எனக்குப் பழகித்தான் போயிருந்தது. ஆனால் பையை எடுத்த ஒரு நாய்க்கு, குட்டியே போடாத, இனி போடவும் முடியாத ஒரு நாய்க்கு, அந்தப் புட்டு வேகிறது. நாயைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. என்றாலும் நடந்தது அதுதான்.

சட்டியைப் பார்த்தேன். உரித்த பூண்டு ஒரு கைப்பிடி, அரிந்த வெங்காயம் அதைவிட அதிகம். பூண்டு நாய்க்கு ஆகாது என்று எனக்கும் தெரியாது. ஆனால் இவ்வளவு காரசாரம் அந்தச் சின்ன வயிற்றுக்குத் தாங்குமா என்று ஒரு கணம் தோன்றியது. டாக்டர் எழுதிக் கொடுத்த தாளில் இது இல்லையே என்றும் தோன்றியது. வேண்டாம் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. செய்யட்டும், செய்து கெடட்டும், அப்போதாவது தெரியட்டும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய்ப் புடவை மாற்றினேன். இதை அவரிடம் நான் இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

குட்டி அந்தப் புட்டை நக்கி நக்கிச் சாப்பிட்டது. மீன் வாசனைக்கு எந்த நாய்தான் சாப்பிடாது? இவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. மிச்சத்தைக் குளிர்பெட்டியில் வைத்து, புதன், வியாழன் இரண்டு நாளும் மூன்று வேளை சூடாக்கிச் சூடாக்கிக் கொடுத்தார். எதிர்வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். "இந்த மாதிரி ஆம்பள கெடைக்கக் குடுத்து வச்சிருக்கணும் டீச்சர்" என்று அந்த அம்மா என்னிடம் சொன்னார். யாருக்குக் கொடுத்து வைத்திருக்கிறது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் குட்டி எழுந்திருக்கவில்லை. பாயிலேயே வாந்தி எடுத்திருந்தது. தூக்கி நிறுத்தினால் கால் மடங்கிச் சரிந்தது. கொல்லைப் பக்கம் கொண்டுபோய் விட்டபோது அது பெய்த மூத்திரம் கடுந்தேநீர் நிறத்தில் இருந்தது. இவர் உதட்டை விலக்கிப் பார்த்தார். சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளிறிப்போய்ச் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. பனியனைத் தூக்கினால், வாந்தி எடுத்து முக்கியதில் தையலின் கீழ்நுனி லேசாக வாய் திறந்திருந்தது. நான் பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்து லீவு சொன்னேன். திரும்பவும் ஆட்டோ. இந்த முறை அவர் யாரையும் மெல்லப் போகச் சொல்லவில்லை. சீக்கிரம், சீக்கிரம் என்றுதான் சொன்னார்.

டாக்டர் கண்ணையும் ஈறையும் பார்த்துவிட்டு, என்ன சாப்பாடு கொடுத்தீர்கள் என்று கேட்டார். இவர் ஒளிக்காமல் சொன்னார். சுறா எவ்வளவு, வெங்காயம் எவ்வளவு, பூண்டு எத்தனை பல் என்று பக்குவத்தை முழுசாக ஒப்பித்தார். கடைசியில், "எங்க ஊர்ல பச்ச உடம்புக்கு இதுதாம்மா குடுப்போம்" என்றார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சார், வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷம். ரத்தத்துல இருக்கிற சிவப்பணுவை உடைச்சிரும். அதைக் கொடுக்காதீங்கன்னு நான் எழுதல. யாரு கொடுக்கப் போறாங்கன்னு நெனச்சேன்."

பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்களாவது பார்க்கக் கூடாதா மேடம்?" என்றார். சமைத்தது ஆண், ஊட்டியது ஆண், கேள்வி மட்டும் எனக்கு. வேறொரு நாளாக இருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். அன்றைக்கு என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. அந்தப் பெண் தெரியாமல் கேட்டாலும் சரியான ஆளிடம்தான் கேட்டிருந்தார்.

ஊசி போட்டு, டிரிப் ஏற்றி, மத்தியானம் அனுப்பினார்கள். திறந்த நுனியை இப்போது தைக்க முடியாது, இந்த நிலையில் மயக்க மருந்து கொடுத்தால் எழுந்திருக்காது என்றார் டாக்டர். கட்டுப் போட்டுப் பார்ப்போம். இரண்டு நாள் பொறுங்கள், ஈறு நிறம் திரும்பவில்லை என்றால் மதுரைக்குக் கொண்டுபோய் ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். அதற்குள் எப்படியாவது சாப்பிட வைக்க வேண்டும். வேகவைத்த கோழி ஈரல், முட்டை, வேறு எதுவும் கூடாது. இதையும் ஒரு தாளில் எழுதி, அடியில் வெங்காயம், பூண்டு என்று எழுதிப் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார். தாளை என்னிடம்தான் நீட்டினார்.

அந்த இரண்டு நாளும் இந்த வீட்டில் ஒரு சாவு வீட்டு அமைதி. இவர் ஈரலை வேகவைத்துக் கையில் எடுத்துக்கொண்டு போனால் குட்டி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டது. விரலை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே வாயை இறுக மூடியது. அவர் கையில் பூண்டு வாசனை இன்னும் போகவில்லையோ, அல்லது அந்தக் கையை வயிற்று வலியோடு சேர்த்து அது ஞாபகம் வைத்துவிட்டதோ, யார் கண்டது? மூன்று முறை முயன்றார். நான்காம் முறை தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லையில் கிணற்றுத் துவைகல்லில் போய் உட்கார்ந்துகொண்டார். தோள் குலுங்கியது. அவர் அம்மா செத்தபோதுகூட அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

தட்டை நான் எடுத்தேன். அதுவரைக்கும் அந்தக் குட்டிக்கு நான் ஒரு வாய் ஊட்டியதில்லை, அதுவும் என்னிடம் எதிர்பார்த்ததில்லை. தரையில் உட்காருவது எனக்கு இப்போதெல்லாம் லேசில் முடியாது. சுவரைப் பிடித்து உட்கார்ந்து, ஈரலை மிளகு அளவுக்குக் கிள்ளி அதன் உதட்டோரம் வைத்தேன். கண்ணைத் திறந்து பார்த்தது. அந்தப் பார்வையில் குற்றம் சொல்ல எதுவுமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நாக்கை நீட்டி எடுத்துக்கொண்டது. ஒரு மணி நேரத்தில் ஒரு துண்டு ஈரல் உள்ளே போனது. "என்னய மன்னிச்சிருத்தா" என்று மெல்லச் சொன்னேன். கொல்லையில் இருந்தவருக்குக் கேட்டிருக்காது.

சனிக்கிழமை முழுக்க அப்படியே கிள்ளிக் கிள்ளி ஊட்டினேன். மணிக்கொரு தரம் இவர் வந்து எட்டி நின்று, "ஈறு எப்படி இருக்கு?" என்று கேட்பார். பக்கத்தில் வரப் பயம். நான் உதட்டை விலக்கிப் பார்த்து, "அப்படியேதான்" என்பேன். போய்விடுவார். மதுரைக்குக் காரில் கொண்டுபோனால் எவ்வளவு நேரம், ஞாயிற்றுக்கிழமை அங்கே டாக்டர் இருப்பாரா என்று யார் யாரிடமோ போனில் கேட்டுக்கொண்டிருந்தார். ஞாயிறு காலையில் உதட்டை விலக்கியபோது, ஈறின் ஓரத்தில் ரோஜா நிறமாக ஒரு மங்கல் தெரிந்தது. என் கண்ணை நானே நம்பாமல் ஜன்னலுக்குப் பக்கத்தில் தூக்கிக்கொண்டு போய் வெளிச்சத்தில் பார்த்தேன். உண்மைதான். "ஏங்க, இங்க வாங்க" என்று கத்தினேன். இவர் பல்துலக்கிய நுரையோடு ஓடிவந்தார். போட்டோ எடுத்து அனுப்பினோம். இனிப் பயமில்லை, கட்டைத் தினமும் மாற்றுங்கள், நுனி தானாகச் சேர்ந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். எனக்கு உடம்பே லேசாகிவிட்டது.

மத்தியானம் குட்டி தட்டில் வைத்ததைத் தானாகவே சாப்பிட்டு முடித்தது. வாலை இரண்டு முறை தரையில் அடித்துவிட்டுத் தூங்கிப் போனது. நான் அதன் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். இவர் ஒரு கை தூரம் தள்ளி வந்து உட்கார்ந்தார்.

"நானே கொன்னுருப்பேன்" என்றார்.

நான் குட்டியின் மடங்கிய காதை நீவிக்கொண்டிருந்தேன்.

"நல்லதுன்னு நெனச்சுத்தான்ப்பா செஞ்சேன். எனக்கு அதப் படுக்கையில பாக்க முடியல. எதாச்சும் செய்யணும்னு இருந்துச்சு."

அந்த நேரத்தில் அவருக்கு ஆறுதல் சொல்லியிருக்கலாம். எனக்கும் அதில் பங்கு உண்டு என்றாவது சொல்லியிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"எனக்கு ஆபரேஷன் ஆனப்ப ஒண்ணும் செய்யலையே நீங்க. அது என்ன நெனச்சு?"

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. எந்த ஆபரேஷன் என்று கேட்டுவிடுவாரோ என்றுகூட ஒரு பயம் இருந்தது. அதுவும் கேட்கவில்லை. உண்மையாகவே தனக்குத் தோன்றியதைச் சொன்னார்.

"நீ ஒண்ணுமே கேக்கலையேப்பா."

"நாய் கேட்டுச்சா?"

அவர் குட்டியைப் பார்த்தார், அதன் வயிற்றுக் கட்டைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இல்ல" என்றார். பிறகு, "இப்பவும் வலிக்குதா ஒனக்கு?" என்று கேட்டார்.

நான்கு வருடம் கழித்துக் கேட்கிறார் மனுசன். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி திருப்பிக் கேட்க என்னிடம் எத்தனையோ சேர்ந்து கிடந்தன. பஸ் கதை கிடந்தது, ரசத்தின் உப்பு கிடந்தது. ஒன்றும் வரவில்லை.

"குனிஞ்சு நிமுந்தா கொஞ்சம் இழுக்கும்" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. அந்த ஆபரேஷனுக்கு நான் அழுதது அன்றைக்குத்தான்.

அவர் என்னைத் தொடவில்லை. என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. சற்று நேரம் கழித்து நான் தட்டை எடுக்கக் கையை நீட்டியபோது, எனக்கு முன்னால் குனிந்து அதை எடுத்துக்கொண்டு எழுந்தார். அடுப்படிக்குக் கொண்டுபோனார். கழுவினாரா என்றால், இல்லை. தொட்டியில் போட்டுவிட்டு வந்து திரும்பவும் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.